அனத்தோல் அனுப்பிய சப்பாத்து

1

பிரெஞ்சு பேசுகிற எங்கள் ரெனான் ஊரின் நகரசபைக் கந்தோரில் இருந்த பெண் நல்லவள். குத்தலாக ஒன்றும் கேட்கவில்லை. "வரப்போகிற விருந்தாளிக்கும் உங்களுக்கும் என்ன உறவு?" என்று மட்டும்தான் கேட்டாள். கொங்கோ நாட்டுத் தலைநகரான பிராசவில்லியிலிருந்து ஒருவரை எங்கள் வீட்டுக்கு அழைப்பதென்றால், அவருடைய சாப்பாட்டுக்கும் நோய் வருத்தத்துக்கும் நான் பொறுப்பு என்று கையெழுத்து வைக்க வேண்டும். அதை வைக்க எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. உறவைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"என் மகளுடைய கணவரின் தாய்மாமன்" என்றேன்.

"அப்படியென்றால் அவர் உங்கள் மகளுக்குச் சொந்தம். உங்களுக்கு யார்?"

சம்பந்தி என்பதற்குப் பிரெஞ்சில் நான் ஒரு சொல்லும் கேட்டதில்லை. மருமகனுக்குச் சொல் இருக்கிறது, மாமியாருக்கு இருக்கிறது. பிள்ளையைக் கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவருக்கொருவர் யார் என்று இந்த ஊர்க்காரர் மினக்கெட்டு யோசித்ததாகத் தெரியவில்லை. நான் கையைக் காலை ஆட்டி விளக்கப் பார்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு "நண்பர்" என்று எழுதினாள். அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து, கந்தோர்களில் அவர்கள் எழுதியதற்கெல்லாம் தலையாட்டிப் பழகியவன் நான். அன்றைக்கும் ஆட்டினேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் மனம் கேட்கவில்லை. அந்தத் தாய்மாமன் அனத்தோல் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார் என்று கவலையாக இருந்தது.

ஏனென்றால் போன வருடம் இதே ஆவணியில், இந்த உறவு ஒரு சோடி சப்பாத்தால் முறிந்து போகப் பார்த்தது. ஊரில் அந்தக் கதை அரைகுறையாகப் பரவி, எனக்குப் பிராசவில்லியில் செருப்படி விழுந்தது என்றளவில் நிற்கிறதாம். பாசையூரில் இருந்து என் மச்சான் தொலைபேசியில் துக்கம் விசாரித்தான். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

2

எங்களுக்கு ஒரே மகள், ஷாலினி. இங்கே பிறந்தவள். நானும் மனைவி றெஜினாவும் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லுவாள். எங்கள் கத்தோலிக்கக் கோவிலுக்கு மார்கழியில் வரும் நத்தார் பூசைக்கு மட்டும் வருவாள், அதுவும் தாய் அழுவாள் என்பதற்காக. அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கோப்பையைக்கூடக் கழுவாமல் வந்து குந்தி, தியேரி என்ற பெடியனைக் கட்டப் போகிறேன் என்றாள். கொங்கோக்காரன். இங்கே படிக்க வந்து, இங்கேயே வேலை செய்கிறான். தாய் தகப்பன் இல்லை, வளர்த்தது தாய்மாமன்.

றெஜினாவின் முதற் கேள்வி, "வேதக்காரரோ?"

"ஓம் அம்மா. எங்களைவிட வேதக்காரர். தன்ர ஊர்க் கோயிலிலதான் கலியாணம் நடக்கோணும் எண்டு மாமா ஒற்றைக் காலில நிக்கிறார்." அவள் சொன்னது பிரெஞ்சில், நான் எழுதுவது எங்கள் பேச்சில்.

தாயின் இரண்டாவது கேள்வி மகளுக்கு முன்னால் வரவில்லை. குசினிக்குள் என்னிடம்தான் வந்தது.

"எங்கட ஆக்கள் என்னப்பா சொல்லுவினம்?"

"நாங்கள் மட்டும் என்ன, பாலில குளிச்சு வந்த ஆக்களே?" என்றேன்.

வீறாப்பாகச் சொன்னேனே தவிர, எனக்கும் மனம் ஒப்பவில்லை. நிறமல்ல எனக்குப் பிரச்சினை. கலியாணம் என்றால் கொண்டான் கொடுத்தான் என்று இரண்டு வீடு வேண்டும். நல்லது கெட்டதுக்குப் போய்வர, கோபித்துக்கொள்ள, பிறகு சமாதானமாக ஒரு வீடு. முகம் தெரியாத சனத்துக்குள் ஒரே பிள்ளையை விட்டால், அவள் அந்தப் பக்கம் போனது போனதுதான், எங்களுக்குத் திரும்பக் கிடைக்க மாட்டாள் என்று பயந்தேன். ஏற்கனவே பாதி போனவள்.

ஆச்சரியம் என்னவென்றால், கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காத பிள்ளை அந்த ஊர்க் கோவில்களைத் தேடித் தேடி வாசித்ததுதான். வேலையால் வந்ததும் கைத்தொலைபேசியை என் மூக்குக்குக் கிட்டக் கொண்டுவருவாள். "இஞ்ச பாருங்கோ அப்பா, மேட்டில இருக்கிறது திரு இருதயப் பேராலயம். நூறு வருசத்துக்கும் மேல. இது சென்ற் ஆன், எங்கட கலியாணக் கோயில். கூரையைப் பாருங்கோ, முழுக்கப் பச்சை ஓடு." சென்ற் ஆன் என்றால் மாதாவின் தாய் அன்னம்மாள். தன் அம்மம்மாவின் பெயரும் அன்னம்மாதான் என்று றெஜினாவுக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்தது. அரை மனம் இளகியது அந்த இடத்தில்தான்.

பயணத்துக்கு முன் மகள் எனக்கு ஒரு நிபந்தனை போட்டாள்.

"அப்பா, அங்க கோயில் வாசல்ல சப்பாத்தைக் கழட்டாதேங்கோ. பிளீஸ்."

அதற்கு ஒரு பின்கதை உண்டு. ஊரில் நாங்கள் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிற சனம். இங்கே வந்த முதல் மாரியில் நானும் அப்படியே கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு முழந்தாளில் நின்றேன். கோவிற்பிள்ளை அந்தச் சப்பாத்தை யாரோ தொலைத்தது என்று எண்ணித் தூக்கிக்கொண்டு வந்து, பூசை நடுவில் வாங்கு வாங்காக, இருந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டு போனார். அதோடு ரெனானில் விட்டுவிட்டேன். ஆனால் பழைய யாத்திரைக் கோவில்களைக் கண்டால் இன்றைக்கும் உடம்பு தானாகக் குனியும். சின்ன வயதில் ஷாலினி இதனால் நாணிக் கோணியது எனக்குத் தெரியும். சரி பிள்ளை, கழட்ட மாட்டன் என்று வாக்குக் கொடுத்தேன்.

3

பிராசவில்லி விமான நிலையத்தில் அனத்தோல் நின்றதைப் பார்த்து, யாரோ மந்திரியை வரவேற்க வந்தவர் என்றுதான் நினைத்தேன். சந்தன நிறக் கோட்டுக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு பிரம்பு. காலில் முகம் பார்க்கக்கூடிய சப்பாத்து. தொழில் மின்சார வேலை, இப்போது ஓய்வு. அந்த ஊரில் சில ஆண்களுக்கு நேர்த்தியாக உடுத்துவது ஒரு நோன்பு மாதிரி என்று தியேரி சொல்லியிருந்தான். உடம்பில் மூன்று நிறத்துக்கு மேல் இருக்கக் கூடாதாம். நான் குனிந்து என்னைப் பார்த்தேன். ஐந்து இருந்தது.

காலில் என் சமையற்கட்டுச் சப்பாத்து. முதியோர் இல்லத்தில் சமையல் வேலை எனக்கு. வழுக்காத தடித்த இறப்பர் அடியோடு ஒரு கறுத்தச் சப்பாத்துத் தருவார்கள், காலுக்குப் பஞ்சு மாதிரி. புதுசு வாங்குங்கோ என்று றெஜினா சொன்னதை நான் காதில் போடவில்லை. அனத்தோல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார், முகத்தைப் பார்த்துச் சிரித்தார், பிறகு காலைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் நின்று போனது.

மறுநாள் காலை அவரே காரோட்டி எங்களுக்குக் கோவில் காட்ட வந்தார். அது சுற்றுலா அல்ல, பெண் வீட்டாரை எடை போடுகிற வேலை என்று எனக்கு உடனே விளங்கியது. நானும் அவரை எடை போடத்தான் போனேன். ஷாலினி கலியாண அலுவலாகத் தியேரியோடு போய்விட்டாள், றெஜினா தலையிடி என்று அறையில் படுத்துவிட்டாள். ஆக, நானும் அவரும்தான்.

முதலில் மேட்டில் இருக்கிற பேராலயம். செங்கல் தெரியும் பழைய சுவர், வாசலில் நிழல் மரங்கள், தூரத்தில் கொங்கோ ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இன்னொரு நாடு, இன்னொரு தலைநகர் என்று பிரம்பால் காட்டினார். ஆபிரிக்காவில் கோவில் என்றால் ஓலைக் கொட்டிலும் வெள்ளைத் தாடிச் சுவாமியும் என்று நான் மனதில் கட்டி வைத்திருந்ததெல்லாம் அந்த வாசலில் இடிந்து விழுந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மொழி விளங்கவில்லை, ராகம் விளங்கியது. மகளுக்குக் கொடுத்த வாக்கு எந்தப் பக்கம் போனதோ, நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டேன்.

அனத்தோல் என் காலை ஒருமுறை பார்த்தார். பிறகு பகொங்கோப் பகுதியில் ஒரு மாதா கோவில். அங்கேயும் கழற்றினேன். கடைசியாக சென்ற் ஆன். பச்சை ஓட்டுக் கூரை வெயிலில் பெரிய மீனின் செதில் போல மினுங்கியது. போரில் அந்தக் கூரை சிதைந்து, பிறகு திருத்திக் கட்டியது என்றார். நான் வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய், மகளுக்காக அன்னம்மாளிடம் நெடுநேரம் மன்றாடினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலிலேயே நின்றார், ஏதோ யோசனையோடு. நாங்கள் தங்கியிருந்த கன்னியாஸ்திரிகளின் விருந்தினர் மனைக்குத் திரும்பும் வழியில் அதிகம் கதைக்கவுமில்லை. எடையில் நான் தேறவில்லைப்போல் என்று நினைத்துக்கொண்டேன்.

4

அடுத்த நாள் காலை அனத்தோலின் மகள் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, "அப்பா தந்தவர்" என்று சிரித்தபடி றெஜினாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இனிப்பாக்கும் என்று றெஜினா ஆசையோடு திறந்தாள். உள்ளே மெல்லிய தாளில் சுற்றி, ஒரு சோடி சப்பாத்து.

"யேசு மரி சூசை" என்று பெட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

இதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்களில் சபைக்குள் ஒருவனுக்குச் செருப்பைத் தூக்கிக் காட்டினாலே வெட்டுக்குத்து வரும். கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்க, மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்ணின் தகப்பனுக்குப் பெட்டியில் வைத்துச் சப்பாத்து வருகிறது.

"உங்களுக்கு விளங்கேல்லையே? உன்ர தகுதி இதுதான் எண்டு அனுப்பியிருக்கிறான் மனுசன். சம்பந்தி வீட்டுக்குச் செருப்பு அனுப்பிறதோ? நான் அந்தக் கோயில் வாசலை மிதிக்க மாட்டன். ரிக்கெற்றை மாத்துங்கோ, போவம்."

ஷாலினி ஓடி வந்தாள். விசயத்தைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அம்மா, அது பரிசு! வடிவான சப்பாத்து! இதில என்ன இருக்கு?" என்றாள் பிரெஞ்சில்.

"உனக்கு விளங்காது. நீ இஞ்சத்தை ஆளாகீட்டாய்."

அந்தச் சொல் பிள்ளையைச் சுட்டுவிட்டது. அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே, வீட்டில் வருடக் கணக்காக நாங்கள் கேட்காத சுத்தமான தமிழில் என்னிடம் சொன்னாள்:

"அப்பா, நீங்கள் அவரிட்டைப் போய்க் கேளுங்கோ. அவர் கூடாமல் நினைச்சுத்தான் தந்தவர் எண்டால், நானே உங்களோட வாறன். கேக்காமல் மட்டும் போகாதேங்கோ."

எனக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. சமையற்காரனுக்குச் சப்பாத்தில்லை என்று பிச்சை போட்டுவிட்டான் என்ற எண்ணம். ஆனால் பிள்ளை கேட்டது நியாயம். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

5

அனத்தோல் வீட்டு முற்றத்தில், உள்பெனியனோடு மர வாங்கில் இருந்து, பழைய சப்பாத்து ஒன்றைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டியைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது.

"அளவில்லையா, மொன் ஃப்ரேர்?" என்றார். என் சகோதரனே என்று அர்த்தம்.

நான் பெட்டியை அவருக்கு முன்னால் வைத்தேன். "எங்கள் சனத்தில் ஒருவரை அவமதிக்க வேண்டுமென்றால் செருப்பைக் காட்டுவோம். நீங்கள் ஒரு சோடி அனுப்பியிருக்கிறீர்கள். என் மனைவி பெட்டி கட்டுகிறாள். என்ன நினைத்து அனுப்பினீர்கள் என்று கேட்க வந்தேன்." சமையற்கட்டில் படித்த பிரெஞ்சு என்னுடையது. மரியாதை வசனங்கள் அதில் குறைவு. இப்படி மொட்டையாகத்தான் வந்தது.

அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. அதை எடுத்து மடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"முதல் கோவிலில் கழற்றினீர்கள். காலில் ஏதோ வருத்தம் என்று நினைத்தேன். இரண்டாவதில் கழற்றினீர்கள். சப்பாத்து கடிக்கிறது என்று நினைத்தேன். சென்ற் ஆனிலும் கழற்றியபோதுதான் விளங்கியது, இந்த மனிதர் தன் சப்பாத்தைக் கடவுளுக்குக் காட்ட வெட்கப்படுகிறார் என்று. நான் அதை நன்றாகப் பார்த்தேன்." என் காலைக் காட்டினார். "மன்னிக்க வேண்டும், வெட்கப்பட வேண்டிய சப்பாத்துதான்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

"மகளைக் கைபிடித்துக் கூட்டிவருகிற தகப்பன் எதற்காகவும் வெட்கப்படக் கூடாது. நீங்கள் உள்ளே மன்றாடிக்கொண்டிருந்த நேரம், என் ஒரு சப்பாத்தைக் கழற்றி உங்களுடையதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே அளவு. இது தியேரியின் கலியாணத்துக்கென்று நான் வாங்கி வைத்தது. இன்னும் காலில் போடவில்லை."

தன் கலியாணச் சப்பாத்தையே தூக்கி என்னிடம் அனுப்பிவிட்டு, மனுசன் பழையதைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கோபத்தோடு ஏறி வந்த முற்றம் அது.

பிறகுதான் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். வெட்கமல்ல, மரியாதை என்றேன். கோவில் நிலத்தில் வெறுங்காலோடு நிற்பதுதான் எங்களுக்கு மன்றாட்டின் பாதி. ஊரில் ஒருமுறை பூசை நேரம் ஷெல் விழத் தொடங்கியபோது பின்வாசலால் ஓடினோம், செருப்பெல்லாம் முன்வாசலில், ஊரே வெறுங்காலோடு நல்லூர் வரை நடந்தது என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவர்களுடைய போரில் அவரும் காட்டு வழியாகத் தமக்கையின் பிள்ளை தியேரியைத் தோளில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தவராம். "திரும்பி வந்ததும் உழைத்த முதல் காசில் சப்பாத்துத்தான் வாங்கினேன். இனி ஓட மாட்டேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ள" என்றார்.

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது அப்போதுதான். பிள்ளையைத் தோளில் சுமந்தவரின் வீட்டுக்குத்தான் என் பிள்ளை போகிறாள். இதற்கு மேல் என்ன விசாரிக்க இருக்கிறது. பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

அறைக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். றெஜினா பாதி கட்டிய பெட்டியிலிருந்து சீலைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அவர் கலியாணத்துக்கு என்னத்தைப் போடுவார்?"

ஷாலினி தாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

6

கலியாணம் நன்றாக நடந்தது. நான் அந்த மண்ணிறச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சென்ற் ஆன் வாசல் வரை நிமிர்ந்து நடந்தேன். அனத்தோல் தன் பழையதில் வந்தார், அதிலும் முகம் பார்க்கலாம். வாசற்படியில் மகளிடம் கொடுத்த வாக்கை நினைத்துக் கழற்றாமல் நின்றேன். பச்சைக் கூரைக்குக் கீழே சனம் எழுந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷாலினி என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். கூறைச் சேலைக்குக் கீழே இருந்த உயர்ந்த குதிச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள்.

"அப்பா, இதை இஞ்ச வைக்கட்டோ?" என்றாள்.

நானும் கழற்றினேன். அனத்தோல் மட்டும் மறுத்துவிட்டார். "எல்லாம் செய்வேன், மொன் ஃப்ரேர், இது மட்டும் கேட்காதீர்கள்" என்று பிரம்பை ஊன்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் கம்பீரமாக உள்ளே போனார்.

7

அனத்தோல் இங்கே ரெனானுக்கு வந்து ஒரு கிழமையாகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போனால் எங்கள் வீட்டில்தான் இருப்பார். றெஜினாவுக்குப் பிரெஞ்சு எனக்கிருப்பதிலும் பாதி. அதை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உறைப்பைப் பற்றி மணிக்கணக்காக வாதாடுகிறார்கள்.

போன ஞாயிறு எங்கள் மாதாந்தத் தமிழ்ப் பூசை. நன்றாகத் தூறிக்கொண்டிருந்தது. அவர் தந்த சப்பாத்தோடு நான் வழக்கம்போல் நேரே உள்ளே போய்த் தீர்த்தத் தொட்டியில் கை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனுசனைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், மழைக்குள் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று சப்பாத்துக் கயிறு அவிழ்க்கிறார். மற்றது ஏற்கனவே படியில்.

"என்ன செய்கிறீர்கள்?" என்றேன்.

"இது உங்கள் சனத்தின் கோவில் அல்லவா?" என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். சப்பாத்தோடு நின்ற என்னை, பிராசவில்லியில் பார்த்ததைவிடக் கேவலமாகப் பார்த்தார்.

நானும் குனிந்து கழற்றினேன். பின்னால் வந்த சனம் அப்படியே நின்றுவிட்டது. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஒரு ஆபிரிக்கப் பெரியவர் காலுறையோடு எங்கள் கோவிலுக்குள் முழந்தாளிடப் போகிறார், மற்ற எல்லோரும் சப்பாத்தோடு. அனத்தோலின் இரண்டு சப்பாத்தும் படியில் மழையில் நனைந்துகொண்டிருந்தன.

றெஜினா குடையை என்னிடம் தந்துவிட்டுக் குனிந்தாள். அந்தச் சப்பாத்து இரண்டையும் கையால் தூக்கினாள். பக்கத்தில் வந்த ஒரு பெண் குரலைத் தாழ்த்தி, "உவர் ஆர் அக்கா?" என்று கேட்டாள்.

"எங்கட சம்பந்தி" என்றாள் றெஜினா, நிமிராமலே. சப்பாத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்து, உள்ளே நனையாத இடத்தில், என்னுடையதுக்குப் பக்கத்தில் வைத்தாள்.